ஆலரன்ஷா வீட்டுச் சுண்ணாம்புக் காளவாய்

எங்கள் வெதர்லோ கிராமத்தில் அரசுப் பதிவேட்டில் ஏறிய பழஞ்சின்னங்கள் பதினொன்று. தேவாலயம், அதன் வாசல் வளைவு, அங்கே சாய்ந்து நிற்கும் இரண்டு கல்லறைகள், ஈயச் சுரங்கத்தின் இயந்திரக் கூடம், அதன் புகைபோக்கி, குதிரைத் தண்ணீர்த் தொட்டி, பாலம், மைல்கல், சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. பதினோராவது, வில்ஃப் ஆலரன்ஷா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சுண்ணாம்புக் காளவாய்.

அதைப் பற்றிப் பதிவேட்டில் எழுதியிருப்பது எனக்கு மனப்பாடம். ‘பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல். முகப்பு வளைவு கைதேர்ந்த வேலை.’ பல்கலைக்கழகத்தில் என் இறுதியாண்டு ஆய்வேடு அந்தக் காளவாயைப் பற்றித்தான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா கல்குவாரியில் லாரி ஓட்டுகிறார். ஆய்வேட்டை பைண்டு செய்து ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் அதை எடுத்துக் கையில் கொடுத்து, “கனம் பாருங்க” என்பார். யாரும் திறந்து பார்த்ததில்லை. எல்லோரும் கனத்தை ஒப்புக்கொண்டார்கள். பட்டம் வாங்கி எண்பத்தாறு வேலைக்கு விண்ணப்பம் போட்டு, கடைசியில் ஊர் மன்றத்தின் எழுத்தராக வந்து சேர்ந்தேன். வாரத்துக்கு எட்டு மணி நேர வேலை. மற்ற நேரத்தில், நான் படித்தது எதற்கு என்று யோசிப்பேன். அது முழுநேர வேலை.

வில்ஃபுக்கு எண்பத்து மூன்று வயது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் டேங்கர் லாரியை நாற்பத்தொரு வருஷம் ஓட்டினார். வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. ஆனால் கையால் எதைச் செய்தாலும் கோணல். அவர் அடித்த பலகையில் முட்டையை வைத்தால் உருண்டுபோய்ச் சுவரோரம் நிற்கும். அவர் மாட்டிய கேட்டைத் திறக்க முதலில் தூக்க வேண்டும், அப்புறம் திட்ட வேண்டும். “வில்ஃப் கையில சுத்தியலைக் கொடுக்கிறதும் ஆட்டுக்குட்டி கையில கொடுக்கிறதும் ஒண்ணுதான். ஆடு அடிக்காது, அதனால ஆடு தேவல” என்பார் அவர் மனைவி டோரீன். கல்யாணமாகி அறுபது வருஷம்.

அந்த டோரீன் போன பிப்ரவரியில் வாசல்படிப் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர்கள் முன்வாசலுக்குப் பதினான்கு படிகள், ஏணிபோல. அறுவை சிகிச்சைக்குப் பிறகு டவுனிலுள்ள பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். இனி சக்கர நாற்காலிதான். வீட்டைப் பார்க்க வந்த சமூகநல அலுவலகப் பெண்மணி எல்லாவற்றையும் நாடாவால் அளந்துவிட்டுச் சொன்னார்: படியில்லாத வழி ஒன்று செப்டம்பர் கடைசிக்குள் வேண்டும், இல்லாவிட்டால் டோரீனுக்கு இல்லத்திலேயே நிரந்தர அறை.

படியில்லாத வழி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, முற்றத்தோடு சமதளம். ஆனால் சந்துக்கும் முற்றத்துக்கும் நடுவில், மலைச்சரிவுக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே உள்ள இடத்தை அடைத்துக்கொண்டு காளவாய் நின்றது. அதன் பக்கத்தில் ஒரு முழம் இடைவெளி. அதில் வில்ஃபே மூச்சை உள்ளே இழுத்து நண்டுபோல்தான் போவார்.

மன்றத்தின் அலுவலகம் என்பது ஊர்க் கூடத்தின் பின்னறையில், பூப்பந்து வலைக்கும் கிறிஸ்துமஸ் குடிலின் மர ஆடுகளுக்கும் நடுவே போட்ட ஒரு மேசை. மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வில்ஃப் அங்கே வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார். அப்பாவின் முதுகுவலியை விசாரித்தார். தேவாலயக் கூரைக்கு வந்தார். இருபது நிமிஷம் கழித்து எழுந்து கதவுவரை போய்த் திரும்பினார். எங்கள் ஊரில் காரியம் எப்போதும் கதவருகேதான் வெளியே வரும்.

“ஒரு ஃபாரம் வேணும் கண்ணு. ஒண்ணை இடிக்கணும்.”

“எதை, மிஸ்டர் ஆலரன்ஷா?”

“பின்னாடி இருக்கே. அதை.”

“காளவாயையா? அதுல ஒரு கல்லை உருவினாக்கூட கோர்ட்டுக்குப் போகணும். இருநூத்தம்பது வருஷப் பழசு அது.”

“அவ்வளவு இருக்காது,” என்றார் தொப்பியைப் பார்த்துக்கொண்டு. “அது காளவாய் இல்ல கண்ணு. பன்னிக் கொட்டில். நான் கட்டினது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு, ஆகஸ்ட் மாசம்.”

வாய்மொழித் தகவலை எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் எச்சரிக்கையோடு புன்னகைத்தேன்.

“கல்லெல்லாம் சூடுபட்டுச் சிவந்திருக்கே?”

“மேல சுரங்கத்துக்கிட்ட ஒரு நிஜக் காளவாய் இடிஞ்சு கிடந்துச்சு. அதோட கல்லு. டிராக்டர்ல மூணு நடை.”

“உச்சியில வட்டமா துளை இருக்கே? மேலேருந்து சுண்ணாம்புக் கல்லைக் கொட்டி, கீழே முகப்பு வழியா வெந்த சுண்ணாம்பை அள்ளுறதுக்கு?”

“மேலேருந்து கழுநீரைக் கொட்டி, கீழே முகப்பு வழியா எருவை அள்ளுறதுக்கு. அம்மாவோட காய்கறித் தோட்டம் மேல சரிவுல இருந்துச்சு. முட்டைக்கோஸ் இலையை அங்கேருந்தே போட்டுடலாம்னு விட்ட துளை.”

என்னிடம் ஒரே ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது. “உள்கூரைச் சாந்துல அலை அலையா வரி ஓடுதே. கடும் வெப்பத்துல சாந்து இளகினாத்தான் அப்படி வரும்.”

“நெளி தகரம்,” என்றார் வில்ஃப். “ஷெஃபீல்டுல என் மாமா வீட்டுல சண்டைக்காலத்துக் குண்டுக் கொட்டாய் இருந்துச்சு, தோட்டத்துல புதைச்சு வச்சுப் பதுங்குறது. சண்டை முடிஞ்சப்புறம் அந்த வளைஞ்ச தகரத்தைப் பிரிச்சுக் கொடுத்தாரு. அதை நிறுத்தி, மேல சாந்தும் கல்லுமா அடுக்கி, காஞ்சதும் தகரத்தை உருவிட்டோம்.”

என் ஆய்வேட்டில் முப்பத்தொன்றாம் பக்கம், படம் பதினான்கு: ‘வெப்ப அலைகளின் தடம்.’ வழிகாட்டிப் பேராசிரியர் அதன் ஓரத்தில் பச்சை மையால் ‘மிக நுட்பமான அவதானிப்பு’ என்று எழுதியிருந்தார்.

“இதை ஏன் இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல?”

அவர் மறுபடி உட்கார்ந்தார். “எண்பத்து நாலுல ஒரு தம்பி வந்தான். பதிவேடு எழுதுறவன். அன்னிக்குச் சரியான மழை. கண்ணாடியெல்லாம் தண்ணி வழியுது அவனுக்கு. நான் கோட்டை மாட்டிட்டு வெளியே வர்றதுக்குள்ள அவனே பார்த்து எழுதியும் முடிச்சுட்டான். பேனாவால. அம்மா உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாங்க. ‘அருமையான காளவாய்ங்க’ன்னான். நல்ல பையன். அவ்வளவு தூரம் நனைஞ்சு வந்தவனை, எழுதினதை அடின்னு எப்படிச் சொல்றது?”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லணும்னுதான் இருந்தேன். அவன் ரெண்டாவது பிஸ்கட்டை எடுத்தான். அப்புறம் சமயம் வாய்க்கல.”

“முப்பத்தெட்டு வருஷமாவா?”

“நடுவுல ‘பழஞ்சின்னம்’னு பலகை வேற மாட்டிட்டாங்க.”

அன்று மாலையே டார்ச்சோடு உள்ளே குனிந்து போய்ப் பார்த்தேன். அலைகள் சீராக, ஒரே இடைவெளியில் ஓடின. ஓரிடத்தில் போல்ட்டின் தலை பதிந்திருந்தது, ஆறு பட்டையோடு. மூன்று மாதம் அங்கே உட்கார்ந்து அளவெடுத்தவள் நான். போல்ட்டும் என் படத்தில் இருக்கிறது. ‘இயற்கையான குழி’ என்று அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

அந்த மூன்று மாதமும் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வில்ஃப். நான் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, கழிப்பறை எங்கே என்பது. சாமானிய மக்களின் குரலைக் கேட்க வேண்டும் என்று முன்னுரையில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

“எனக்காவது சொல்லியிருக்கலாம்,” என்றேன், முற்றத்தில் நின்ற வில்ஃபிடம்.

“நீ ரொம்ப சந்தோஷமா அளந்துட்டிருந்தே கண்ணு.”

பதிவேட்டிலிருந்து நீக்க ஆதாரம் வேண்டும். ஆதாரம் என் படம் பதினான்குதான். அதோடு, அதை எழுதியவளே அது தவறு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பலமாக இருக்கும். டோரீன் வீட்டுக்கு வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்த ஒரு பக்கக் கடிதத்துக்கு எனக்கு நான்கு நாள் ஆனது. முதல் மூன்று நாளும் ‘தவறு’ என்ற சொல்லுக்குப் பதிலாக வேறு என்ன போடலாம் என்று தேடினேன்.

நான்காம் நாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“இதுல எத்தனை பக்கம் பன்னி?”

“எல்லாமே பன்னிதான்ப்பா.”

அதை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். “கனம் குறையாதுல்ல?” என்றவர், இருந்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்தார். நான் போய்க் கடிதத்தை எழுதினேன்.

ஜூன் மாத ஊர் மன்றக் கூட்டத்தில் அது ஏழாவது பொருள். ஆறாவது, நாய்க்கழிவுத் தொட்டி. அதற்கு முக்கால் மணி நேரம். தலைவி மிஸஸ் லாங்ஸ்டாஃப் பதினான்கு வருஷத்துக்கு முன் லண்டனிலிருந்து வந்தவர். அவர் வீட்டின் பெயரே ‘காளவாய் இல்லம்’. பாத்திரம் துடைக்கும் டீ டவலில் காளவாய்ப் படம் அச்சடித்து விற்பவரும் அவர்தான். நல்ல பெண்மணி. நான் கடிதத்தைப் படித்து முடித்ததும் வில்ஃபின் பக்கம் திரும்பி, செவிடருக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“வில்ஃப், டோரீன் இல்லாம உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு எங்களுக்குப் புரியுது. இந்த மாதிரி சமயத்துல ஞாபகமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்.”

“எனக்கு ஞாபகம் நல்லா இருக்குங்க. காதும் நல்லா கேக்குது.”

“கெல்சி சின்னப் பொண்ணு, இரக்கப்பட்டு எழுதிட்டா. ஆனா நிபுணர்களே பார்த்துச் சொன்ன விஷயம் இது.”

அந்த நிபுணர்களில் ஒருத்தி நான்தான் என்பதை எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் நெவில் கோட்ஸ் தொண்டையைச் செருமினார். நெவிலுக்கு எழுபத்தொன்பது வயது. ஒவ்வொரு செப்டம்பரும் வெளியூர்க்காரர்கள் சின்னங்களைப் பார்க்க வரும்போது, தோல் ஏப்ரனும் பழங்காலத் தொப்பியும் போட்டு, முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு, காளவாய் முன்னால் நின்று சுண்ணாம்பு சுடுகிறவனாக நாற்பது நிமிஷம் பேசுவார். ஒருமுறை, காளவாயில் விழுந்து இறந்த தம்பியைப் பற்றிச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டார்.

“அது வந்து,” என்றார் நெவில். “சிமென்ட் கலக்குற மெஷின் எங்கப்பாவோடது.”

மிஸஸ் லாங்ஸ்டாஃப் மெதுவாகத் திரும்பினார். “எந்த சிமென்ட்?”

“அந்தக் கொட்டிலுக்கு. நான்தான் மெஷினைச் சுத்தினேன்.”

“நெவில், பதினோரு வருஷமா நீங்கதானே அங்கே நின்னு பேசுறீங்க?”

“ஆமாங்க.”

“தெரிஞ்சுக்கிட்டேவா?”

“நீங்க அந்தத் தொப்பியை உங்க கையால தைச்சுக் கொண்டாந்து கொடுத்தீங்க. அளவும் சரியா இருந்துச்சு. அப்ப போய் எப்படிச் சொல்றது?”

“செத்துப்போன தம்பி?”

“அது நானா சேர்த்தது.”

பெரில் என்ற மூதாட்டி, பின்னல் ஊசியை நிறுத்தாமல், “அந்தக் கொட்டில்ல வளர்ந்த பன்னியைத்தான் என் கல்யாணத்துக்கு அடிச்சாங்க. இன்னிக்கு வரைக்கும் அப்படி ஒரு தொடைக்கறி நான் சாப்பிட்டதில்ல,” என்றார்.

“பெரில், உனக்கும் தெரியுமா?” என்றார் நெவில்.

“உனக்குத் தெரியாதுன்னுல்ல நினைச்சேன். அவ்வளவு உருக்கமா பேசுறியே, மனசு நோகுமேன்னு இருந்துட்டேன்.”

“நான் வில்ஃபுக்கு மறந்துபோச்சுன்னு நினைச்சேன்,” என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

கடைசியில், தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. கூட்டத்தில் பதினேழு பேர். பதினோரு கைகள் உயர்ந்தன. எல்லாம் எழுபதைத் தாண்டிய கைகள். கையைத் தூக்கியவர்கள் அக்கம்பக்கத்துக் கைகளைப் பார்த்து வியந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஊர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

மிஸஸ் லாங்ஸ்டாஃப் தண்ணீர் குடித்தார். மறுபடி குடித்தார். பிறகு, அவரைப் பற்றி நான் எப்போதும் மரியாதையோடு நினைக்கும்படி ஒன்று செய்தார். “டோரீனுக்கு வழி வேணும். அதானே விஷயம்? மன்றம் ஆதரிக்குதுன்னு எழுது,” என்றார். காகிதங்களை அடுக்கிக்கொண்டே, “டீ டவல் இன்னும் இருநூறு இருக்கு,” என்றார் யாரிடமும் இல்லாமல்.

நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதினேன்: ‘சுண்ணாம்புக் காளவாய், பன்றிக் கொட்டில் எனக் கண்டறியப்பட்டது. எதிர்ப்பு இல்லை.’

மாவட்டக் கவுன்சிலிலிருந்து பழங்கட்டட அதிகாரி ஆகஸ்ட் எட்டாம் தேதிதான் வந்தார். கேலம் என்று பெயர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், சைக்கிளில் வந்தார். கொட்டிலுக்குள் குனிந்து போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தார். முகம் பளபளவென்றிருந்தது.

“நீங்க சொன்னது சரி. இது காளவாயே இல்ல.”

வில்ஃப் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை.

“இது அதைவிட அபூர்வமானது,” என்றார் கேலம். “போர்க்காலத் தகரத்தை அச்சா வச்சு எழுப்பின பன்னிக் கொட்டில். உச்சியில தீனி போடுற துளையோட. இந்த நாட்டுல இன்னொண்ணு இருக்கிறதா நான் கேள்விப்பட்டதில்ல.”

“இருக்காது தம்பி. வேற யாருக்கு இப்படிப் புத்தி போகும்?”

“பதிவேட்டுல விவரத்தைத் திருத்தச் சொல்லி எழுதப் போறேன். சுண்ணாம்புக் காளவாய்னா இந்த மாவட்டத்துலயே நூறு இருக்கு. இது ஒண்ணுதான்.”

“அப்ப இடிக்கலாமா?”

“உள்ளே போய்ப் பார்க்கிறதுக்கு முன்னாடின்னா யோசிச்சிருப்பேன். இனிமே வாய்ப்பே இல்லீங்க.”

வில்ஃப் தலையாட்டினார். உள்ளே போய் டீ கொண்டுவந்தார். பிஸ்கட் தட்டை நீட்டினார். கேலம் பேசிக்கொண்டே இருந்தார்: புகைப்படம், கட்டுரை, மாநாடு. வில்ஃப் “அப்படியா,” “நல்லது,” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டோரீனின் பெயரை எடுப்பார் எடுப்பார் என்று நான் காத்திருந்தேன். எடுக்கவில்லை. சைக்கிள் சந்து முனை திரும்பும்வரை தட்டோடு நின்று கையசைத்தார்.

“நல்ல பையன்,” என்றார்.

“டோரீனைப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே நீங்க.”

“அவன் அவ்வளவு சந்தோஷமா இருந்தான்.”

“அவர் சந்தோஷம் உங்களுக்கு டோரீனைவிட முக்கியமா? இன்னும் ஏழு வாரம்தான் இருக்கு. இன்னொரு முப்பத்தெட்டு வருஷம் கழிச்சுச் சொல்லப் போறீங்களா?”

பெரியவர் ஒருவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அதோடு, அதில் பாதிக்கு மேல் என்மீதே இருந்த கோபம். நானும்தான் அங்கே உட்கார்ந்து, மாநாட்டைப் பற்றி ஆர்வமாக இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். வில்ஃப் தட்டைச் சுவர்மேல் வைத்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“கார்ல வந்தியா கண்ணு? டோரீன்கிட்ட நானே சொல்லிடறேன்.”

டோரீன் இல்லத்தின் பொது அறையில், மீன் தொட்டிக்கு முன்னால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், “இந்த மீன் ரெண்டும் ஒண்ணையொண்ணு முறைச்சுக்கிட்டு அஞ்சு மாசமா இதே இடத்துல நிக்குது. இங்க இருக்கிறவங்களும் அப்படித்தான்,” என்றார். வில்ஃப் நடந்ததையெல்லாம் சொன்னார். அபூர்வம் என்ற இடத்துக்கு வந்ததும் டோரீன் சிரிக்கத் தொடங்கினார். நர்ஸ் ஓடிவந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

“இவன்தான் கட்டினேன்னு சொன்னானா உங்கிட்ட?” என்று என்னைக் கேட்டார்.

“ஆமா.”

“சுவர் இவன் கட்டினது. அதான் சாய்ஞ்சிருக்கு. வளைவை யார் வச்சதுன்னு கேளு.”

வில்ஃப் மீனைப் பார்த்தார்.

“நான் வச்சது,” என்றார் டோரீன். “அப்ப எனக்கு இருபது வயசு, பக்கத்துப் பண்ணை. எங்கப்பா கல்லுச் சுவர் கட்டுறதைப் பார்த்துப் பார்த்துக் கை பழகியிருந்துச்சு. இவன் மூணு தடவை அடுக்கினான், மூணு தடவையும் சரிஞ்சுது. தள்ளுடான்னு நானே அடுக்கினேன். சாயங்காலம் முடிஞ்சுது. மறுநாள் பொண்ணு கேட்டு வந்தான்.”

‘முகப்பு வளைவு கைதேர்ந்த வேலை.’ அந்த வரியை நான் ஒன்பது இடத்தில் மேற்கோள் காட்டி, ஊர் ஊராகப் போய் வேலை செய்த கொத்தனார்கள்தான் காரணம் என்று நிறுவியிருக்கிறேன். அடிக்குறிப்புகளோடு.

“இடிக்க விடமாட்டானாமே அந்தப் பையன்,” என்றார் வில்ஃப்.

“என் வளைவை இடிக்கணும்னு யாருய்யா கேட்டா? பின்சுவர் இருக்கில்ல?”

“எந்தப் பின்சுவர்?”

“சந்துப் பக்கம். எழுபத்து நாலுல அந்த ஆண் பன்னி முட்டித் தள்ளிட்டு ரோட்டுக்குப் போச்சே. நீதானே கான்கிரீட் பிளாக்கை வச்சு அடைச்சே? அதை எடுத்துடு. சந்துலேருந்து கொட்டில் உள்ளே வந்து, வளைவு வழியா முற்றத்துக்கு வந்தா நேரா நம்ம சமையலறைக் கதவு.”

பின்சுவரை உள்ளேயும் வெளியேயும் முழுக்க ஐவிக் கொடி மூடியிருக்கும். ‘மூலக் கட்டுமானமே எனலாம்’ என்று எழுதியிருக்கிறேன். கொடியை விலக்கிப் பார்த்ததில்லை.

“உன்னைப் பன்னிக் கொட்டில் வழியாவா வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது?” என்றார் வில்ஃப்.

“இருநூறு கிலோ பன்னி போயிட்டு வந்த வழி. எனக்கென்ன, இடிக்குமா?”

“ஊர்ல என்ன சொல்வாங்க.”

“ஒண்ணும் சொல்லமாட்டாங்க. முப்பத்தெட்டு வருஷமா என்னத்தைச் சொன்னாங்க?” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “இங்க பாருய்யா. பக்கத்து ரூம்காரி காலையில அஞ்சு மணிக்குப் பாட ஆரம்பிக்கிறா. டீ பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு. நான் ஒருத்தர்கிட்டயும் குறை சொல்லல, சிரிச்சுக்கிட்டே இருக்கேன், எல்லாரும் நான் இங்க சௌகரியமா இருக்கேன்னு எழுதி வச்சிருக்காங்க. எனக்கு வீட்டுக்கு வரணும். அந்தப் பையனுக்கு போன் பண்ணு. மழையைப் பத்திப் பேசாதே.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வில்ஃப் என் அலுவலகத்துக்கு வந்து தொலைபேசியைக் கேட்டார். நான் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். நின்றுகொண்டே பேசினார், தொப்பியைக் கழற்றாமல்.

“கேலம் தம்பியா? வெதர்லோ ஆலரன்ஷா பேசுறேன். என் பெண்டாட்டி வீட்டுக்கு வரணும். கொட்டில் பின்சுவர் நான் எழுபத்து நாலுல வச்ச கான்கிரீட். அதை எடுக்கணும். உங்ககிட்ட நேத்தே சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு என்னோடது.”

வில்ஃப் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பால் லாரியை மலைப்பனியில் இறக்கியபோதுகூட அவர் இப்படி நின்றிருக்க மாட்டார். பிறகு கேலமின் குரல் கேட்டது. அன்று பகலே சைக்கிளில் வந்தார். நாங்கள் கொடியை விலக்கினோம். சாம்பல் நிறக் கான்கிரீட் பிளாக்குகள், எல்லாம் கோணலாக. ஒன்றில் விரல்பட்ட இடம் அப்படியே இருந்தது.

“இதுக்கு மதிப்பு எதுவும் இல்ல,” என்றார் கேலம்.

“ரொம்ப நன்றி,” என்றார் வில்ஃப், மனமார.

அதற்குப் பிறகும் ஃபாரம் இருந்தது, வரைபடம் இருந்தது, ஆட்சேபம் தெரிவிக்க இருபத்தொரு நாள் அவகாசம் இருந்தது. யாரும் தெரிவிக்கவில்லை. அனுமதிக் கடிதம் செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி வந்தது. சுவரை என் அப்பாவும் நெவிலின் மகனும் எடுத்தார்கள். வில்ஃபைக் கிட்டே விடக்கூடாது என்று டோரீனிடமிருந்து தனியாகத் தகவல் வந்திருந்தது. பதிவேட்டில் சேர்க்கப் புதிய விவரத்தை எழுதித் தரும்படி கேலம் என்னைக் கேட்டார். இந்த முறை எழுதுவதற்கு முன் போய்க் கேட்டேன். டோரீன் சொல்லச் சொல்ல எழுதினேன். நான்கு வரிதான் வந்தது.

இருபத்தெட்டாம் தேதி ஆம்புலன்ஸ் சந்தில் வந்து நின்றது. நல்ல மழை. இரண்டு பணியாளர்கள் டோரீனை நாற்காலியோடு இறக்கித் தள்ளிக்கொண்டு கொட்டிலுக்குள் நுழைந்தார்கள். நடுவில் டோரீன், “நிறுத்து,” என்றார். கையை உயர்த்தி வளைவின் கல்லைத் தொட்டுப் பார்த்தார். உச்சித் துளை வழியாக மழை நேராக ஒரு பணியாளரின் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான்.

“தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு. அது பன்னிக்குத் தீனி போடுற இடம்,” என்றார் டோரீன்.

முற்றத்தில் வில்ஃப் குடையோடு நின்றார். குடையைத் தன் தலைக்கும் பிடிக்கவில்லை, நாற்காலிக்கும் பிடிக்கத் தெரியவில்லை, நடுவில் காற்றுக்குப் பிடித்திருந்தார். நாற்காலி சரிவுப் பலகையில் ஏறிச் சமையலறைக்குள் போனது. கதவு திறந்தே கிடந்தது.

“ஏய்யா, இந்தத் திரையை யாரு தலைகீழா மாட்டினது?”

“நான்தான்.”

“பூவெல்லாம் தொங்குது பாரு. இந்த அடுப்புக்கு என்ன ஆச்சு?”

“அது மார்ச் மாசம்.”

“இது?”

“அது வேற விஷயம். சொல்றேன்.”

நான் வளைவுக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். உள்ளே டோரீன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். வில்ஃப் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.